ஆறுகளுக்கு யார் ஆடிட்டர்?

பி.காம். ஆடிட்டிங் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் ஒரு நாயைத் தெரியும். 1896, கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்பம் பிடித்து அலையும் வேட்டை நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னார் அல்லவா, அதே நாய்தான். பத்து மார்க் கேள்விக்கு இதை எழுதாத ஆளே கிடையாது.

ஆனால் அந்த வழக்கில் என்னதான் நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். விஷயம் சின்னது. மில்லில் இருந்த சரக்கின் மதிப்பை மேனேஜர் வருஷா வருஷம் கூட்டி எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணவில்லை. மேனேஜர் கொடுத்த சான்றிதழை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது நம்பியது தப்பில்லை என்று கோர்ட் விட்டுவிட்டது.

பருத்தி மூட்டை கணக்கில் உதைத்தால் பங்குதாரருக்குப் பண நஷ்டம், அவ்வளவுதான். அதே கதை ஆற்றுக்கும் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் நடந்தால்? அங்கே இருப்பை எண்ணுவது யார்? எண்ணாமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?

இதற்கு நல்ல உதாரணம் நியூஸிலாந்து. அங்கே இயற்கை வளத்துக்குக் கணக்குப் பார்ப்பதையே முக்கிய வேலையாக வைத்துக்கொண்டிருக்கும் உள்ளாட்சி அமைப்புகள் உண்டு. பெயர், பிராந்திய கவுன்சில்.

தண்ணீர் போட்ட எல்லை

1989-ல் நியூஸிலாந்து தன் உள்ளாட்சியை மொத்தமாகக் கலைத்து அடுக்கியது. அதுவரை 800-க்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி அமைப்புகள் இருந்தன. துறைமுகத்துக்கு ஒரு போர்டு, வடிகாலுக்கு ஒரு போர்டு, முயல் ஒழிக்க ஒரு போர்டு (நிஜமாகத்தான்!). எல்லாவற்றையும் சேர்த்து 90-க்கும் கீழே கொண்டுவந்தார்கள். குப்பை, ரோடு, குடிநீர் சப்ளை போன்றவை நகர, மாவட்ட கவுன்சில்களுக்குப் போயின. ஆறு, காற்று, மண், கடற்கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிராந்திய கவுன்சில்களுக்கு வந்தது. 2025 நிலவரப்படி இவை 11. மற்ற இடங்களில் ஆக்லாந்து மாதிரி இரண்டு வேலையையும் ஒரே கவுன்சில் பார்க்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பிராந்தியங்களின் எல்லையைப் பெரும்பாலும் ஆற்றுப் படுகைகளை ஒட்டிப் போட்டார்கள் என்பது. மலையில் விழும் மழை எந்த ஆற்றில் சேர்கிறதோ, அந்த நிலமெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ். மேலே அழுக்காக்குகிறவரும் கீழே குடிக்கிறவரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகிறார்கள். இது ரொம்பப் பெரிய விஷயம்.

இரண்டே வருஷத்தில், 1991-ல், வள மேலாண்மைச் சட்டம் வந்தது. ஆற்றிலிருந்து பெரிய அளவில் தண்ணீர் எடுக்கவும், கழிவு நீரை விடவும், காற்றில் புகை விடவும் கவுன்சில் திட்டத்தில் தனி இடமில்லையென்றால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியோடு நிபந்தனைகளும் வரும். இவ்வளவுதான் எடுக்கலாம், இந்த அளவுக்குமேல் அழுக்கு இருக்கக் கூடாது, இந்தச் சாதனம் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று.

35-வது பிரிவு

அந்தச் சட்டத்தின் 35-வது பிரிவை ஆடிட்டிங் பாடத்தோடு வைத்துப் படிக்கலாம். கவுன்சில் மூன்று விஷயங்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறது.

ஒன்று, சுற்றுச்சூழல் எந்த நிலையில் இருக்கிறது. (பேலன்ஸ் ஷீட்.)

இரண்டு, அனுமதி வாங்கியவர்கள் நிபந்தனைப்படி நடக்கிறார்களா. (பார்ட்டி பார்ட்டியாக லெட்ஜர் செக்கிங்.)

மூன்று, கவுன்சில் தானே போட்ட விதிகளும் திட்டங்களும் உருப்படியாக வேலை செய்கின்றனவா. (இது தன்னைத்தானே ஆடிட் செய்துகொள்வது.) இதன் முடிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது தொகுத்துப் பொதுமக்களுக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதைவிட, தான் போட்ட விதி வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வது எந்த அலுவலகத்துக்குமே கசக்கும்.

செலவுக்குப் பணம்? ஒரு பகுதி சொத்து வரியிலிருந்து வருகிறது. கண்காணிப்புச் செலவை அனுமதி வைத்திருப்பவரிடமே வசூலிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆடிட் ஃபீஸை கம்பெனியே கட்டுவது போல.

பூச்சியும் கருப்புத் தட்டும்

முதல் வேலையான சுற்றுச்சூழல் நிலையைப் பார்ப்பது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் மாதம் ஒரு தடவை, அதே ஆறு, அதே இடம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்குப் போகும். நைட்ரஜன், பாஸ்பரஸ், ஈ.கோலி பாக்டீரியா எல்லாம் பார்ப்பார்கள். ஆற்றில் குளிக்கலாமா என்பதற்கு 2003-லிருந்து ஒரு எளிய அளவுகோல் உண்டு. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி எண்ணிக்கை 260-க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. 550-ஐத் தாண்டினால் இறங்காதே.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க லேப் கூட வேண்டாம். ஒரு கருப்புத் தட்டைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கண்ணாடி பொருத்திய பெட்டி வழியாகப் படுக்கைவாட்டில் பார்த்துக்கொண்டே தள்ளிப் போக வேண்டும். எத்தனை மீட்டரில் தட்டு மறைகிறதோ அதுதான் தெளிவு. நியூஸிலாந்து விஞ்ஞானிகள் 1980-களில் கொண்டுவந்த முறை.

இன்னொன்று இதைவிட அழகு. ஆற்றுக் கல்லைப் புரட்டி, அடியில் வாழும் பூச்சிப் புழுக்களை எண்ணுவது. ஜான் ஸ்டார்க் என்பவர் 1985-ல் இதற்கு மார்க் போடும் முறையை வெளியிட்டார். சுத்தமான நீரில் மட்டும் பிழைக்கும் பூச்சிக்கு 10-ஐ ஒட்டி மார்க், சாக்கடையிலும் தாக்குப்பிடிக்கும் புழுவுக்கு 1 அல்லது 2. இதில் என்ன லாபம் என்றால், பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்லும். நேற்று ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால் காலையில் அது அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் பூச்சி ராத்திரியும் அங்கேதான் இருந்தது. செத்துப்போயிருந்தால் அதுவே சாட்சி.

தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டரை எந்த கேஷியரும் சமாளிப்பார். பூச்சியைச் சமாளிக்க முடியாது.

மீட்டர் வந்த கதை

தண்ணீர் எடுப்பவர்களிடம் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்பது ரொம்ப நாள் சம்பிரதாயமாகவே இருந்தது. அனுமதியில் ஒரு அளவு எழுதியிருக்கும். உண்மையில் எவ்வளவு போகிறது என்பது பல இடங்களில் யாருக்கும் தெரியாது.

2010 நவம்பரில் தேசிய அளவில் ஒரு விதி வந்தது. அனுமதி பெற்று நொடிக்கு 5 லிட்டர் அல்லது அதற்கு மேல் தண்ணீர் எடுப்பவர்கள் மீட்டர் வைக்க வேண்டும். முதலில் பெரிய ஆட்கள், நொடிக்கு 20 லிட்டரும் அதற்கு மேலும், 2012-க்குள். அடுத்து 10 முதல் 20 வரை, 2014-க்குள். கடைசியாக 5 முதல் 10 வரை, 2016-க்குள். குழாயில் பொருத்திய மீட்டர் என்றால் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இது முக்கியம். எண் எழுதுவது விவசாயியின் கை இல்லை, கருவி. அந்தக் கருவியையும் இன்னொருவர் வந்து சரிபார்க்கிறார். 2020-ல் செய்த திருத்தத்தில் 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்துத் தினமும் கவுன்சிலுக்குத் தானாக அனுப்பும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவர முடிவு செய்தார்கள். நாட்டின் பாசன நிலத்தில் பாதிக்கு மேல் இருக்கும் கேன்டர்பரி பிராந்தியத்துக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை.

84-ஆ, 42-ஆ?

மீட்டர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை.

2003-ல் பால் கம்பெனியான ஃபான்டெர்ரா, பிராந்திய கவுன்சில்கள், இரண்டு அமைச்சகங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பால் மாடுகள் ஓடைகளில் இறங்கி மிதித்துச் சாணம் போடாமல் வேலி கட்டித் தடுக்க வேண்டும். எது ஓடை என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேல் ஆழம், ஓர் எட்டுக்கு மேல் அகலம்.

2010-11 சீசனுக்கான நிலவரம் வெளியானது. கம்பெனி தன் பண்ணை மதிப்பீட்டில் கொடுத்த கணக்குப்படி 84 சதவீதப் பண்ணைகளில் மாடுகள் முழுக்கத் தடுக்கப்பட்டுவிட்டன. அதே சமயம் வேளாண் அமைச்சகம் தனியாக ஆள் அனுப்பி எடுத்த சர்வேயில் வந்தது 42 சதவீதம்.

சரியாகப் பாதி!

யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று அர்த்தம் இல்லை. ஓடையைப் பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதுவதும், ஓடைக் கரையோடு நடந்து பார்ப்பதும் வேறு வேறு. ஆடிட்டிங்கில் வவுச்சிங் வேறு, வெரிஃபிகேஷன் வேறு என்று படிப்பது இதுதான். முதலாவது காகிதத்தைப் பார்ப்பது. இரண்டாவது பொருளைப் பார்ப்பது. கிங்ஸ்டன் மில்லில் நடந்ததும் இதேதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார்கள் லோப்ஸுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

ஹேவ்லாக் நார்த்

இதுவரை சொன்னது எண்கள். இனி வருவது மனிதர்கள்.

நியூஸிலாந்தின் வடக்குத் தீவில், கிழக்குக் கரையோரம் ஹாக்ஸ் பே பிராந்தியத்தில் ஹேவ்லாக் நார்த் என்று ஓர் ஊர். சுமார் 14,000 பேர். குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்தது. நிலத்தடி நீர் சுத்தமானது என்ற நம்பிக்கையில் குளோரின் போடுவதில்லை.

2016 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் கனமழை. மேய்ச்சல் நிலத்தில் கிடந்த ஆட்டுப் புழுக்கையை மழைநீர் அடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த மங்கடேரெடேரே குட்டையில் சேர்த்தது. குட்டை நீர் பூமிக்குள் இறங்கி, ப்ரூக்வேல் சாலையில் இருந்த ஊர்க் கிணற்றுக்குள் வந்தது. அதோடு கேம்பிலோபாக்டர் என்ற கிருமியும் வந்தது. பைப்பைத் திறந்து குடித்த ஜனங்களில் சுமார் 5,500 பேருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். 45 பேர் ஆஸ்பத்திரியில். மூன்று மரணங்களுக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை சொன்னது.

ஊர்க் கிணற்றை நடத்தியது ஹேஸ்டிங்ஸ் மாவட்ட கவுன்சில். அதற்குத் தண்ணீர் எடுக்க அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளைக் கண்காணிக்க வேண்டியது, ஹாக்ஸ் பே பிராந்திய கவுன்சில். கிணற்றுக்குள் அசுத்தம் போகாதபடி மேல்முகப்பைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அனுமதியிலேயே இருந்தது.

சம்பவத்துக்குப் பிறகு பிராந்திய கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? நிபந்தனையை மீறியதாக 2016 நவம்பரில் மாவட்ட கவுன்சில் மேல் கேஸ் போட்டது. டிசம்பரில் கேஸ் வாபஸ்.

2017 மே மாதம் அரசு விசாரணையின் முதல் அறிக்கை வந்தது. அது மாவட்ட கவுன்சிலையும் விடவில்லை, பிராந்திய கவுன்சிலையும் விடவில்லை. 1991 சட்டப்படி நிலத்தடி நீர்ப்படுகைக்குக் காவலாக இருக்க வேண்டிய பிராந்திய கவுன்சில் அந்தப் பொறுப்பில் தவறிவிட்டது என்றது. அனுமதியின் நிபந்தனைகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, கைவிடப்பட்ட கிணறுகளைக் கவனிக்கவில்லை, இரண்டு கவுன்சில்களும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை என்று வரிசையாக எழுதியது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தவறுகளில் எந்த ஒன்றும் நேரடியாக நோயை உண்டாக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு நடக்காமல் இருந்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஆடிட்டின் மொத்த அர்த்தமும். ஆடிட்டர் திருடுவதில்லை. ஆடிட்டர் போய்ப் பார்த்தால் எல்லாத் திருட்டும் நின்றுவிடும் என்பதும் இல்லை. போய்ப் பார்த்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம், அவ்வளவுதான். அந்த "இருக்கலாம்"-க்குள் 5,500 பேர் இருக்கிறார்கள்.

போய்ப் பார்க்கவே முடியாதது

சரி, எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை.

நாட்டின் மிகப் பெரிய ஏரி டௌபோ. சுற்றிலும் ஆடு மாடு மேயும் நிலம். மாட்டு மூத்திரத்திலிருக்கும் நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து ஏரிக்கு வருகிறது. மெதுவாக. சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று ஏரியில் சேர்வது தாத்தா காலத்து மாட்டின் கணக்கு. இன்றைய மாட்டின் கணக்கைப் பேரன் பார்ப்பான். இதற்கு எங்கே மீட்டர் வைப்பது?

வைகாடோ பிராந்திய கவுன்சில் செய்தது ஒரு துணிச்சலான வேலை. ஒவ்வொரு பண்ணையும் 2001 ஜூலையிலிருந்து 2005 ஜூன் வரை எவ்வளவு நைட்ரஜன் கசியவிட்டது என்று கணக்கிட்டு, அதில் அதிகபட்ச வருஷத்தை அந்தப் பண்ணையின் உச்சவரம்பாக வைத்தது. வரம்புக்குள் இருக்கும் மிச்சத்தை விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம். (எகனாமிக்ஸ் புத்தகத்தில் கேப் அண்ட் ட்ரேட் என்று வருவது.) சுமார் 8 கோடி நியூஸிலாந்து டாலரில் ஓர் அறக்கட்டளை அமைத்து, நைட்ரஜன் உரிமைகளை வாங்கி நிரந்தரமாக மூடினார்கள். மத்திய அரசு, பிராந்திய கவுன்சில், மாவட்ட கவுன்சில் மூன்றும் போட்ட பணம். 2015-ல் 170 டன் இலக்கை எட்டினார்கள்.

ஆனால் ஒரு பண்ணை கசியவிட்ட நைட்ரஜனை யாரும் அளக்கவில்லை. ஓவர்சீர் என்ற கம்ப்யூட்டர் மாடல் கணக்கிட்டுச் சொன்னது. எத்தனை மாடு, என்ன உரம், என்ன மண், எவ்வளவு மழை என்று உள்ளே கொடுத்தால் ஓர் எண் வெளியே வரும். அது முதலில் உரக் கணக்குக்காக உருவானது, விதிமுறைக்காக அல்ல. போகப் போகப் பல கவுன்சில்கள் அதையே நம்பின. 2018-ல் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் ஆணையர் சைமன் அப்டன் அதைப் பற்றிக் கேள்விகள் எழுப்பி அறிக்கை கொடுத்தார். 2021-ல் அரசு நியமித்த விஞ்ஞானிகள் குழு, அதன் எண்களை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றது.

அப்படியானால் டௌபோ திட்டம் வீணா? இல்லை. தேய்மானமும் மதிப்பீடுதான், வாராக்கடன் ஒதுக்கீடும் மதிப்பீடுதான். மதிப்பீடு இல்லாமல் எந்த பேலன்ஸ் ஷீட்டும் கிடையாது. மதிப்பீட்டை மதிப்பீடு என்று சொல்லாமல் ரொக்கம் மாதிரி எண்ணும்போதுதான் வம்பு வருகிறது.

ஆடிட்டரை நியமிப்பது யார்?

கடைசியாக ஒரு விஷயம். பிராந்திய கவுன்சில் விவசாயிகளையும் கம்பெனிகளையும் மட்டும் கண்காணிப்பதில்லை. நகர, மாவட்ட கவுன்சில்களின் குடிநீர்க் கிணறும் கழிவுநீர்க் குழாயும் கூட அதன் பார்வையில்தான். ஒரு அரசு அமைப்பு இன்னொரு அரசு அமைப்பை ஆடிட் செய்கிறது. அதனால் அதன் சுதந்திரம் ரொம்ப முக்கியம்.

2010-ல் கேன்டர்பரியில் மக்கள் தேர்ந்தெடுத்த பிராந்திய கவுன்சிலர்களை அரசு நீக்கி ஆணையர்களை உட்கார வைத்தது. தண்ணீர் நிர்வாகம் சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. முழுத் தேர்தல் திரும்பி வந்தது 2019-ல்தான். 2025 நவம்பரில் அரசு ஒரு யோசனையை வெளியிட்டது. நாடு முழுக்கப் பிராந்திய கவுன்சிலர்களை எடுத்துவிட்டு, அந்தந்தப் பகுதி மேயர்கள் அடங்கிய வாரியங்களை வைக்கலாம் என்று. செலவு குறையும், குழப்பம் குறையும் என்பது அவர்கள் வாதம். அதிலும் அர்த்தம் இருக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு கவுன்சில் ஏன் என்று வரி கட்டுகிறவர் கேட்கத்தானே செய்வார்?

ஆனால் ஊர்க் கிணற்றை நடத்துவது மேயரின் கவுன்சில். அந்தக் கிணற்றின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வாரியத்திலும் மேயர்களே உட்கார்ந்தால்? ஆடிட் செய்யப்படும் கம்பெனியின் டைரக்டர் அதே கம்பெனிக்கு ஆடிட்டராக இருக்கக் கூடாது என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் அறிக்கை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதில் வண்ண வண்ணமாக கிராஃப் இருக்கும், சதவீதம் இருக்கும். அதைப் பார்த்ததும் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எண் மீட்டரிலிருந்து வந்ததா, மாடலிலிருந்து வந்ததா, அல்லது மேனேஜர் எழுதிக் கொடுத்ததா? மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

லோப்ஸ் சொன்ன காவல் நாய் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் காவல் நாயாக இருந்தாலும் ராத்திரி ஒரு சுற்று கிணற்றடி வரைக்கும் போய்விட்டு வர வேண்டாமா?